வேலையற்ற பெண்கள் எத்தனை பேர்? அந்தமான் சொல்லும் பதில்

இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் வேலையின்மை விகிதம் வெறும் 3.2 சதவீதம் என்கிறது 2023-24ஆம் ஆண்டுக்கான காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு. ஒன்றிய அரசின் தேசிய புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 15 முதல் 29 வயது வரையிலான பெண்களின் வேலையின்மை விகிதம் 49.5 சதவீதம். அதாவது, அத்தீவுகளில் வேலைக்குத் தயாராக நிற்கும் இளம் பெண்களில் ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு வேலை கிடைக்கவில்லை. இதே வயதுப் பிரிவில் தீவுகளின் ஆண்களுக்கான விகிதம் 24 சதவீதம். அகில இந்திய அளவில் இளம் பெண்களுக்கான விகிதம் 11 சதவீதம்.

முதல் எண்ணை மோடி அரசின் அமைச்சர்கள் மேடைதோறும் முழங்குகின்றனர். இரண்டாவது எண்ணைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பெண்களின் உழைப்புப் படை பங்கேற்பு விகிதம் 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023-24இல் 41.7 சதவீதமாக உயர்ந்துவிட்டது. அதே காலத்தில் வேலையின்மை 5.6 சதவீதத்திலிருந்து 3.2 ஆகக் குறைந்துவிட்டது. எனவே பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்பது அரசின் வாதம். ஆறே ஆண்டுகளில் கோடிக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்திருக்குமானால் அது வரலாற்றுச் சாதனையே. ஆனால் அந்த வேலை எது, அதற்குக் கூலி எவ்வளவு என்று கேட்டவுடன் சாதனையின் சாயம் வெளுக்கத் தொடங்குகிறது.

நூறு பெண்களின் கணக்கு

அரசின் எண்களையே எடுத்துக்கொண்டு, 15 வயதுக்கு மேற்பட்ட நூறு பெண்களை வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். அவர்களில் 58 பேர் உழைப்புப் படையிலேயே இல்லை என்று அரசு ஒதுக்கிவிடுகிறது. மீதமுள்ள ஏறத்தாழ 42 பேரில் வேலையற்றவர் என்று ஒப்புக்கொள்ளப்படுபவர் ஒருவர் அல்லது இருவர் மட்டுமே. இந்த 42 பேரை வைத்தே 3.2 சதவீதம் என்ற விகிதம் கணக்கிடப்படுகிறது. நூறு பெண்களையும் வைத்து அல்ல.

எஞ்சிய 40 பேர் வேலையில் உள்ளவர்கள். இவர்களில் மாதச் சம்பளமோ முறையான ஊதியமோ பெறுபவர்கள் 15.9 சதவீதம், அதாவது ஆறு பேர். தினக்கூலிகள் 16.7 சதவீதம், ஏழு பேர். சொந்தமாகச் சிறு தொழிலோ விவசாயமோ செய்பவர்கள் பன்னிரண்டு பேர். மீதமுள்ள பதினைந்து பேர், அதாவது வேலையிலுள்ள பெண்களில் 36.7 சதவீதத்தினர், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவும் பெண்கள். கணவரின் கடையில், தந்தையின் வயலில், மாமியார் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் இவர்கள் உழைக்கிறார்கள். மாத முடிவில் இவர்கள் கையில் ஒரு ரூபாயும் வருவதில்லை.

2017-18இல் இந்த ஊதியமற்ற உதவியாளர்களின் பங்கு 31.7 சதவீதமாக இருந்தது. சம்பள வேலையிலிருந்த பெண்களின் பங்கோ அப்போது 21 சதவீதம். ஆறு ஆண்டுகளில் ஊதியமற்ற உழைப்பு ஏறியிருக்கிறது, சம்பள வேலையின் பங்கு இறங்கியிருக்கிறது. பங்கேற்பு விகித உயர்வின் பெரும்பகுதியும் கிராமப்புறத்தில் நிகழ்ந்ததே. கிராமப்புறப் பெண்களுக்கு அது 24.6இலிருந்து 47.6 சதவீதமாக ஏறியது. நகர்ப்புறத்தில் 20.4இலிருந்து 28 வரை மட்டுமே சென்றது. ஆலைகளும் அலுவலகங்களும் பெண்களை அழைத்ததால் ஏற்பட்ட உயர்வு இது என்று கூற இடமில்லை. ஆண்களின் வருமானம் குடும்பத்திற்குப் போதாத நிலையில், கிடைத்த உழைப்பில் எல்லாம் பெண்கள் தள்ளப்பட்டிருக்கிறார்கள்.

இப்பெண்கள் உழைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சொல்லப்போனால் பெண்களின் உழைப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது மாதர் இயக்கத்தின் நெடுநாள் கோரிக்கை. ஆனால் அந்த உழைப்பைக் காட்டி வேலையின்மை குறைந்துவிட்டது என்று அறிவிப்பது வேறு விஷயம். ஊதியமற்ற உதவியாளர்களையும் வேலை தேடுவோரையும் சேர்த்துப் பார்த்தால், உழைப்புப் படையிலுள்ள பெண்களில் பத்துக்கு நால்வருக்குத் தமக்கென வருமானம் தரும் வேலை இல்லை. 3.2 என்ற எண் இந்த உண்மையைத் திரையிட்டு மறைக்கிறது.

அளவுகோலின் வேலை

எப்படி இது சாத்தியமாகிறது? வேலையின்மையை அளக்க இரண்டு அளவுகோல்கள் பயன்படுகின்றன. வழக்கமான நிலை என்ற முதல் அளவுகோலின்படி, கடந்த 365 நாட்களில் பெரும்பகுதி வேலையின்றி இருந்தவரும், துணை வேலையாக 30 நாட்கள் எதையாவது செய்திருந்தால் வேலையில் இருப்பவரே. நடப்பு வார நிலை என்ற இரண்டாவது அளவுகோலின்படி, கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும், அவர் வேலையற்றவர் அல்ல.

ஆண்களுக்கும் இதே விதிதானே என்று கேட்கலாம். விதி ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றாக இல்லை. வேலை கிடைக்காத ஆண் தெருவில் நிற்கிறார். கணக்கெடுப்பாளர் அவரை வேலையற்றவர் என்று எழுதிக்கொள்கிறார். வேலை கிடைக்காத பெண் சமையலறைக்குத் திரும்புகிறார். வீட்டு வேலை செய்பவர் என்ற பிரிவில் அவர் பெயர் சேர்கிறது, உழைப்புப் படையிலிருந்தே அவர் நீக்கப்படுகிறார். விறகு சேகரித்தாலும், கீரை பறித்தாலும், வீட்டாருக்குத் துணி தைத்தாலும் அதற்கும் ஒரு தனிக் குறியீட்டு எண் உண்டு. அதுவும் உழைப்புப் படைக்கு வெளியேதான்.

2011-12இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 68ஆவது சுற்று, வீட்டு வேலையில் உள்ள பெண்களிடம் ஒரு கூடுதல் கேள்வியைக் கேட்டது. வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை கிடைத்தால் ஏற்பீர்களா என்பதே அது. கிராமப்புறத்தில் சுமார் 34 சதவீதத்தினரும் நகர்ப்புறத்தில் சுமார் 28 சதவீதத்தினரும் ஏற்போம் என்றனர். வேலையற்றோர் பட்டியலில் இடம்பெறாத இவர்கள், வாய்ப்பு வந்தால் வேலைக்கு வரும் பெண்கள். மூலதனம் முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கிய மறைந்திருக்கும் சேமப் படைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. முதலாளித்துவத்திற்குத் தேவைப்படும்போது குறைந்த கூலிக்கு வெளியே இழுக்கவும், தேவை தீர்ந்ததும் வீட்டுக்குள் தள்ளவும் ஏற்ற படை அது. வீட்டுக்குள் தள்ளப்பட்ட பிறகு வேலையின்மை எண்ணில் அவர்கள் சுமையாகவும் இருக்க மாட்டார்கள்.

சமையலறை எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்பதற்கும் அரசின் கணக்கே சான்று. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடங்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில், கணக்கெடுக்கப்பட்ட நாளில் வேலைவாய்ப்பு சார்ந்த பணியில் ஈடுபட்டவர்கள் 25 சதவீதம் மட்டுமே. ஆண்கள் 75 சதவீதம். ஒரு நாளை அளப்பதும் ஓர் ஆண்டை அளப்பதும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆயினும் ஆண்டுக் கணக்கில் வேலையில் இருப்பதாகக் காட்டப்படும் பெண்களின் வேலை எவ்வளவு துண்டு துண்டானது என்பதை இந்த இடைவெளி உணர்த்துகிறது.

தீவுகளில் ஏன் மறைக்க முடியவில்லை?

இந்த அளவுகோல் பிற மாநிலங்களில் மறைக்கும் உண்மையை அந்தமானில் மறைக்க முடியாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. தீவுகளின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. வேலையற்ற பெண்ணை உதவியாளர் என்று எழுதிக்கொள்ள, உத்தரப்பிரதேசத்திலோ மத்தியப்பிரதேசத்திலோ இருப்பதைப் போன்ற பரந்த குடும்ப விவசாயம் இங்கே இல்லை. இளைஞர் வேலையின்மை மிகக் குறைவு என்று காட்டப்படும் மத்தியப்பிரதேசத்தின் விகிதம் 2.6 சதவீதம், அந்தமானின் விகிதம் 33.6 சதவீதம். மத்தியப்பிரதேசத்து இளைஞர்கள் அனைவரும் நல்ல வேலையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று யாரும் நம்பப் போவதில்லை.

இரண்டாவது காரணம் கல்வி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவுகளின் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் 82 சதவீதத்துக்கு மேல். அகில இந்திய சராசரி சுமார் 65 சதவீதம். ஆனால் அதே கணக்கெடுப்பில் வேலையில் இருந்த பெண்கள் தீவுகளில் 17.8 சதவீதம் மட்டுமே. நாடு முழுவதற்குமான சராசரி 25.5 சதவீதம். படித்த பெண்கள் அதிகம், அவர்களுக்கான வேலையிடம் குறைவு. 2022-23ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பட்டதாரிகளின் வேலையின்மை நாட்டிலேயே அந்தமான் நிக்கோபாரில்தான் உச்சத்தில் இருந்தது: 33 சதவீதம். அவ்வாண்டின் தேசிய சராசரி 13.4. படித்த பெண் தன்னை வேலை தேடுபவர் என்று துணிந்து சொல்கிறார். கேரளத்தில் இளம் பெண்களின் வேலையின்மை 47.1 சதவீதமாகப் பதிவாவதிலும் இந்தக் கல்விக்குப் பெரும் பங்குண்டு. அவ்விரு இடங்களின் எண்களும் கவலைக்குரியவை. அதேநேரம் அவை மற்ற இடங்களின் எண்களைவிட நேர்மையானவை.

இருந்த வேலைகளும் ஒவ்வொன்றாகப் பறிபோயின. காட்டு மரங்களை வணிகத்திற்காக வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2002இல் கடும் கட்டுப்பாடு விதித்தது. காடுகளைக் காக்க அது தேவையான தீர்ப்பே. ஆனால் மரத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்று வேலை தரும் பொறுப்பை ஒன்றிய அரசு ஏற்கவில்லை. பொதுத்துறை நிறுவனமான அந்தமான் நிக்கோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் 1977இல் தொடங்கப்பட்டது. லிட்டில் அந்தமானின் செம்பனைத் தோட்டமும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டமும் அதன் பொறுப்பில் இருந்தன. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டது இந்தக் கச்சாலில்தான். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அத்தீவைச் சூறையாடியது. அதிலிருந்து மீண்டெழ உதவ வேண்டிய ஒன்றிய அரசு, 2017இல் கழகத்தையே மூடுவதற்கு ஒப்புதல் அளித்தது. தோட்ட வேலை போன பின் வீட்டில் அடைபடும் பெண் அடுத்த கணக்கெடுப்பில் வேலையற்றவராகப் பதிவாவார் என்பதற்குக்கூட உறுதியில்லை. பெரும்பாலும் அவர் வீட்டு வேலை செய்பவர் ஆகிவிடுவார்.

மிஞ்சியிருக்கும் பெரிய வேலை கொடுப்பவர் தீவு நிர்வாகமே. அதன் துறைகளில் தினக்கூலி மஸ்தூர்கள் ஆண்டுக்கணக்கில் நிரந்தரமின்றி உழைக்கின்றனர். உரிய ஊதியத்துக்கும் அகவிலைப்படிக்கும் அவர்களின் சங்கம் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. உத்தரவை நிறைவேற்றாத தலைமைச் செயலாளரைக் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு 2023 ஆகஸ்டில் பணியிடை நீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. வழக்கின் போக்கு எதுவாயினும், அரசே முதலாளியாக உள்ள இடத்தில் கூலிக்காக இப்படிப் போராட வேண்டியிருக்கிறது என்பதை நாடு கண்டது. வேலையின்மை அட்டவணையில் இத்தொழிலாளர்கள் அனைவரும் வேலையில் இருப்பவர்கள். அங்கன்வாடி ஊழியர்களும் அப்படியே. கணக்கெடுப்புக்கு அவர்கள் வேலையில் உள்ளவர்கள். ஊதியம் கேட்டால் மட்டும் மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர்கள். அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்திய தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்றுவரை உறங்குகிறது. 2015க்குப் பிறகு அந்த மாநாட்டைக் கூட்டவே மோடி அரசு முன்வரவில்லை.

கணக்கெடுப்பு செல்லாத கிராமங்கள்

இவ்வளவுக்குப் பின்னரும், 49.5 சதவீதம் என்ற எண் தீவுகளின் முழுக் கதை அன்று. காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பின் ஆண்டறிக்கைகளில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. ஆண்டு முழுவதும் சென்றடைய மிகக் கடினமான அந்தமான் நிக்கோபார் கிராமங்கள் நீங்கலாக, இந்திய ஒன்றியம் முழுவதிலும் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது என்பதே அதன் சாரம். இமயத்தின் பனிமலைக் கிராமங்களுக்கும் தார் பாலைவனத்தின் குடியிருப்புகளுக்கும் இத்தகைய விலக்கு அந்த வாசகத்தில் இல்லை. நாட்டிலேயே விலக்கப்படுவது இத்தீவுகளின் கிராமங்கள் மட்டுமே.

கப்பலுக்காக நாட்கணக்கில் காத்திருக்கும் கிராமத்துப் பெண்ணுக்கே வேலை தேடுவதும், தேர்வெழுதப் போர்ட் பிளேர் செல்வதும் மிகக் கடினம். சுனாமியில் தென்னந்தோப்புகளையும் தாழைத் தோட்டங்களையும் இழந்த நிக்கோபாரிப் பெண்களின் வாழ்வாதாரக் கேள்வியும் இத்தகைய தொலைதூரத் தீவுகளைச் சார்ந்ததே. யாருக்கு வேலை மிகவும் எட்டாததோ, அவர்களைத்தான் கணக்கும் எட்டுவதில்லை.

தேர்தல் வந்தால் இதே அரசு எந்திரம் எங்கும் செல்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கிரேட் நிக்கோபாரின் ஷோம்பென் பழங்குடியினர் முதன்முறையாக வாக்களித்ததாகப் பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. வெளித்தொடர்பை விரும்பாத பழங்குடிகளைக் கணக்கெடுப்பின் பெயரால் தொந்தரவு செய்யக் கூடாது. அவர்கள் நீங்கலாக, பள்ளியும் வாக்குச்சாவடியும் உள்ள கிராமத்திற்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கணக்கெடுப்பாளரை அனுப்ப முடியாது என்பது ஏற்கத்தக்க காரணம் அன்று. 2021இல் நடத்தியிருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஒன்றிய அரசு உரிய காலத்தில் நடத்தவில்லை. 2025 மே மாதத்திலிருந்து மாதந்தோறும் வேலையின்மை எண்கள் வெளியாகத் தொடங்கியுள்ளன. அவை அகில இந்திய அளவிலானவை என்பதால், தீவுகளின் பெண்கள் அதில் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். சட்டப்பேரவையும் இல்லாத ஒன்றியப் பகுதி அது. ஒரேயொரு மக்களவை உறுப்பினரைத் தவிர இதைப் பற்றி அவையில் கேள்வி எழுப்பவும் அவர்களுக்கு ஆளில்லை.

இந்நிலையில்தான் கிரேட் நிக்கோபாரில் 72 ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பீட்டில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்தை ஒன்றிய அரசு வேலைவாய்ப்பின் பெயரால் முன்னிறுத்துகிறது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டையும் நிக்கோபாரி, ஷோம்பென் மக்களின் வாழ்விடத்தையும் விலையாகக் கேட்கும் திட்டம் இது. யாருடைய வேலையின்மையை முழுமையாக அளக்கவும் அரசு மறுக்கிறதோ, அவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் காட்டை அழிக்கிறோம் என்று சொல்வதை எப்படி நம்புவது?

செய்ய வேண்டியது என்ன?

வேலையின்மையை ஒரே எண்ணால் அளக்கக் கூடாது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19ஆவது சர்வதேச மாநாடு 2013இல் ஜெனீவாவில் நிறைவேற்றிய தீர்மானம், நான்கு அளவீடுகளை முன்வைத்தது. வேலையற்றோர் மட்டுமின்றி, போதிய நேர வேலை கிடைக்காதோர், வேலை வேண்டியும் தேடாமல் விட்டோர் ஆகியோரையும் சேர்த்துக் கணக்கிட அது வழிவகுத்தது. இந்த நான்கு எண்களையும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாக, மாநிலம் மற்றும் ஒன்றியப் பகுதி வாரியாக, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

ஊதியமற்ற குடும்ப உதவியாளர்களைச் சுயதொழில் செய்வோருடன் கலக்காமல் தனியே காட்ட வேண்டும். வீட்டு வேலையில் உள்ள பெண்களிடம் வேலைக்கு விருப்பம் உண்டா என்ற பழைய கேள்வி ஆண்டுக் கணக்கெடுப்பில் நிலையான இடம்பெற வேண்டும். அந்தமான் நிக்கோபார் கிராமங்களுக்கான விலக்கை நீக்கி, தீவுகளுக்கெனப் போதிய அளவு மாதிரிகளுடன் கணக்கெடுப்பு நடத்த வேண்டும்.

சரியாக அளந்தால் மட்டும் வேலை வந்துவிடாது. தீவு நிர்வாகத்தின் காலியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். தினக்கூலி மஸ்தூர்களை நிரந்தரமாக்க வேண்டும். அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும். குழந்தைகள் காப்பகங்களும், தீவுகளுக்கிடையே நம்பகமான கப்பல் போக்குவரத்தும் இல்லாமல் பெண்களின் வேலையுரிமை ஏட்டளவிலேயே நிற்கும். மீன் பதப்படுத்துதல், தேங்காய் சார்ந்த தொழில்களில் பொது முதலீடு தேவை. கேரளத்தின் அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைப் போல, போர்ட் பிளேர் உள்ளிட்ட நகர்ப்புறங்களிலும் பெண்களுக்கு வேலை உறுதி வேண்டும். அந்நகரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் மாற்றுவதில் காட்டிய வேகத்தில் ஒரு பங்கையேனும் ஒன்றிய அரசு இதில் காட்டட்டும்.

3.2 சதவீதம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு பெண்களின் வேலையின்மைப் பிரச்சனை தீர்ந்துவிட்டதாக மோடி அரசு நாட்டை நம்பவைக்கப் பார்க்கிறது. இல்லாத பிரச்சனைக்கு நிதி ஒதுக்கத் தேவையில்லை என்பதே அதன் உள்நோக்கம். தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் இயக்கங்களும் இந்த எண்ணை ஊர்தோறும் மக்களிடம் எடுத்துச்சென்று தோலுரிக்க வேண்டும். தெருத்தெருவாக, வீடுவீடாகப் பெண்களிடம் உனக்குக் கூலி தரும் வேலை இருக்கிறதா, இல்லையென்றால் வேண்டுமா என்று கேட்டு எழுதும் மக்கள் கணக்கெடுப்பை அவை நடத்த முடியும். அந்தப் பட்டியலைக் கையில் ஏந்தி வேலை கேட்டு நிற்கும் பெண்களை, உழைப்புப் படைக்கு வெளியே உள்ளவர்கள் என்று எந்த அரசாலும் ஒதுக்கிவிட முடியாது.